கருப்பட்டி போட்ட ஸ்டவுட்

போன மாதம் குர்காவுனில் உங்கள் பிரூவரியைச் சுற்றிக் காட்டினீர்கள். பளபளவென்று எஃகுத் தொட்டிகள், சுவர் முழுக்கக் கரும்பலகை, அதில் பதினெட்டு வகை பீரின் பெயர்கள். நான் வேலை பார்த்த காலத்தில் மொத்தமே மூன்று வகைதான். சென்னையிலிருந்து வந்து உங்களோடு சேர்ந்திருக்கும் அந்தப் பெண் என் கையில் பலாப்பழ பீரைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: “சார், லாகர் ஸ்டைல், ஸ்டவுட் ஸ்டைல்னு எதுக்கு இவ்ளோ கட்டிக்கிட்டு அழணும்? குடிச்சா நல்லா இருக்கணும். அவ்ளோதானே?”

அங்கே போட்டிருந்த பாட்டுச் சத்தத்தில் நான் பதில் சொல்லவில்லை. காது வேறு இப்போது மந்தம். சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். உங்களில் நான்கைந்து பேர் தமிழ் படிப்பவர்கள் என்று பிறகு தெரிந்தது. சரி, எழுதியே கொடுத்துவிடுவோம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பீர் காய்ச்சுவது எப்படி என்று இதில் ஒன்றும் இருக்காது. அதை நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறீர்கள். அந்தப் பெண் கேட்ட கேள்வியை, ஏறக்குறைய அதே சொற்களில், எழுபதுகளின் கடைசியில் நானும் கேட்டேன். கேட்டதோடு நிற்காமல் செய்தும் பார்த்தேன். அந்தக் கதைதான் இது.

எங்கள் பிரூவரி யமுனைக்கு அப்பால், தில்லி எல்லையைத் தாண்டி இருந்தது. நான் உதவி பிரூவர். குடியிருந்தது ஆர்.கே.புரத்தில். குவார்ட்டர்ஸ் என் மனைவி செண்பகத்தின் பெயரில். அவள் ஓர் அமைச்சகத்தில் கிளார்க்காக இருந்தாள். கோவில்பட்டியில் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் நான் ‘மால்ட் கம்பெனி கெமிஸ்ட்’. பெண் பார்க்கப் போன இடத்தில் என் தாய்மாமா சூட்டிய பெயர் அது. அப்பட்டமான பொய் என்றும் சொல்ல முடியாது, முளைகட்டி உலர்த்திய பார்லிதான் மால்ட், அது இல்லாமல் பீர் ஏது? ஆனால் கேட்டவர்கள் மனதில் வந்து நின்றது குழந்தைகளுக்குப் பாலில் கலந்து கொடுக்கிற மால்ட் பொடி. கல்யாணமான மூன்றாம் நாள் செண்பகத்திடம் உண்மையைச் சொன்னேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம், “சரி, ஆனது ஆச்சு. வெளிய யார்ட்டயும் சொல்லிக்கிடாதீக” என்றாள்.

எதிர் வீட்டில் விசுவநாதன் என்று ஒரு செக்‌ஷன் ஆபீசர். கும்பகோணத்துக்காரர். காலையில் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய்வராமல் காபியைத் தொடமாட்டார். குடிவந்த புதிதில், “உங்க கம்பெனி மால்ட்டெல்லாம் எங்க கண்ணுல காட்டமாட்டேளா?” என்று கேட்டுவிட்டார். நான் என்ன செய்ய? அந்தத் தீபாவளிக்கு சரோஜினி நகர் மார்க்கெட்டில் இரண்டு டப்பா மால்ட் பொடி வாங்கி, விலைச் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, கம்பெனி கொடுத்தது என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். நான்கு வருடம் இது நடந்தது. அவர் பிள்ளைகள் இரண்டும் அந்த மால்ட்டில்தான் வளர்ந்தன.

இனி ஸ்டவுட்டுக்கு வருகிறேன். லாகர், பில்சனர் என்ற வெளிர் நிற பீர்கள்தான் எங்களுக்குச் சோறு போட்டவை. ஸ்டவுட் என்பது குளிர்காலத்தில் ஒரு சின்னத் தொட்டி அளவுக்குக் காய்ச்சுவது. கரிய நிறம், வறுத்த மால்ட்டின் கசப்பு, நாக்கில் ஒட்டி நிற்கிற கனம். தில்லிக்காரர்களுக்கு அது பிடிக்காது. அவர்களுக்கு பீர் என்றால் ‘டண்டா’, அதாவது ஜில்லென்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஸ்டவுட்டை நம்பி வாங்கியது ஒரே ஓர் இடம். கண்டோன்மெண்டில் தென்னாட்டுச் சிப்பாய்கள் நிறைந்த ஒரு படைப்பிரிவின் மெஸ். ஆண்டுக்கு ஒருமுறை படைப்பிரிவின் பிறந்தநாள் விழா. ஓய்வு பெற்றவர்கள் சேலம், வேலூர், திருநெல்வேலி என்று எங்கெங்கிருந்தோ இரண்டு நாள் ரயிலில் வருவார்கள். அன்று ஆளுக்கு ஒரு பாட்டில் ஸ்டவுட். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருகிற வழக்கம்.

மெஸ்ஸைப் பார்த்துக்கொண்டவர் சுபேதார் தேவராஜ், வேலூர்க்காரர். அந்த வருடம் மெஸ் கமிட்டியில் இளம் ஆபீசர்கள், ஸ்டவுட்டெல்லாம் எதற்கு, எல்லாருக்கும் லாகரே கொடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். தேவராஜ் விடவில்லை. “ஸ்டவுட் நான் கொண்டாரேன், என் பொறுப்பு” என்று எழுந்து நின்று சொல்லிவிட்டு வந்தார். விழா முடிந்த அடுத்த மாதம் அவருக்கே ஓய்வு. இத்தனையும் எனக்குத் தெரியும். அவரே என்னிடம் சொல்லியிருந்தார்.

அந்த நேரத்தில்தான் எங்கள் சீஃப் பிரூவர் மகள் கல்யாணத்துக்காக லக்னோவுக்கு இரண்டு மாத லீவில் போனார். முதல்முறையாகப் பொறுப்பு என் கைக்கு வந்தது. எனக்கோ நீண்டநாள் ஆசை ஒன்று இருந்தது. ஊரிலிருந்து மைத்துனர் அனுப்பும் கருப்பட்டியில் காபி குடிக்கிற ஒவ்வொரு தடவையும், இந்தப் புகை மணத்தை ஸ்டவுட்டில் ஏற்றினால் எப்படி இருக்கும் என்று நினைப்பேன். ஸ்டவுட்டின் கரிக்கசப்பு எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. கரோல் பாக்கில் தமிழ் மளிகைக்கடை வைத்திருந்தவரிடம் சொல்லிக் கருப்பட்டி மூட்டை வரவழைத்தேன். வறுத்த கருப்பு மால்ட்டைப் பாதியாகக் குறைத்தேன். சர்க்கரை போடுகிற இடத்தில் கருப்பட்டியைப் போட்டேன்.

பிரூவரியிலேயே உட்கார்ந்திருக்கும் எக்சைஸ் இன்ஸ்பெக்டர் மூட்டையைப் பார்த்துவிட்டு, “யே குட் ஹை க்யா?”, வெல்லமா இது என்று கண்ணை உருட்டினார். வெல்லம் என்று எழுதினால் மேலே இருப்பவர்களுக்குக் கள்ளச்சாராயம்தான் ஞாபகம் வரும் என்றார். ஒரு கட்டியை வாயில் போட்டுப் பார்த்தார். பிறகு, ‘பாம் ஷுகர்’ என்று எழுது, அதுவும் உண்மைதானே என்று அவரே சொல்லிக் கொடுத்தார். இருமலுக்கு நல்லது என்று நான்கு கட்டி வீட்டுக்கும் எடுத்துப் போனார். ஒரே பொருள், ஒரு பெயரில் குற்றம், இன்னொரு பெயரில் சரக்கு. அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

பீர் நன்றாக வந்தது. இதை நான் இன்றும் கூச்சமில்லாமல் சொல்வேன். நிறம் கருப்பாகத்தான் இருந்தது, ஆனால் வாயில் லேசாக இறங்கியது. முடிவில் ஒரு புகை இனிப்பு. ருசி பார்க்கும் மேஜையில் எல்லாரும் இரண்டாவது தம்ளர் கேட்டார்கள். பாதித் தொட்டியை பாட்டிலில் அடைத்து, வழக்கமான ‘ஸ்டவுட்’ லேபிளை ஒட்டி மெஸ்ஸுக்கு அனுப்பினேன். வேறு லேபிளுக்கு எக்சைஸ் அனுமதி வாங்க மாதக்கணக்கில் ஆகும். அதோடு, லேபிள் வெறும் காகிதம்தானே, உள்ளே இருப்பது முன்பைவிட நன்றாக இருக்கும்போது யார் கேட்கப்போகிறார்கள் என்பது என் எண்ணம்.

விழாவுக்குச் சரியாக ஒரு வாரம் இருக்கிற ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். கதவு தட்டும் சத்தம். செண்பகம் திறந்துவிட்டு உள்ளே ஓடிவந்தாள். “எதுத்த வீட்டு மாமா ஒரு மிலிட்டரிக்காரரக் கூட்டிட்டு வந்திருக்காக” என்றாள்.

வாசலில் விசுவநாதன். பக்கத்தில் கையில் துணிப்பையோடு தேவராஜ்.

“சார் எங்காத்து வாசல்ல வந்து, பீர் கம்பெனிக்காரர் வீடு எதுன்னு கேட்டார்” என்றார் விசுவநாதன், தபால்காரருக்கு வழி சொல்கிற குரலில். “அழைச்சுண்டு வந்தேன். பேசிண்டிருங்கோ.” போய்விட்டார்.

நான்கு வருடம் காப்பாற்றிய பெயர் ஒரு நிமிடத்தில் போச்சு என்று தேவராஜ் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார். பாதி காலி.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. இது நல்லா இருக்கு” என்றார்.

“நல்லா இருக்கா? அப்புறம் என்ன?”

“ஆனா இது ஸ்டவுட் இல்ல சார்.”

நான் விவாதம் பண்ணினேன். நிறம் இருக்கிறதா? இருக்கிறது. நுரை இருக்கிறதா? இருக்கிறது. கரி மாதிரிக் கசந்தது, அதை எடுத்துவிட்டு மணத்தைக் கொடுத்திருக்கிறேன், இது ஸ்டவுட்டைவிட மேல் என்றேன். அவர் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார். பட்டாளத்தில் பழகிய பொறுமை.

“மேலா இருக்கட்டும் சார். மேலா வேணும்னு யாரு கேட்டாங்க? எங்க பென்ஷன்காரங்க வருஷத்துக்கு ஒரு தடவ வராங்க. சில பேருக்குக் கண்ணு தெரியல, சில பேருக்கு நடக்க முடியல. அந்த மொத வாய் குடிக்கும்போது கண்ண மூடிக்குவாங்க. இருபது வயசுல குடிச்சாங்க பாருங்க, அது வருதான்னு பாப்பாங்க. பாட்டில்ல ஸ்டவுட்னு போட்டிருக்கு. உள்ள வேற ஒண்ணு இருக்கு. அவன் என்ன நெனப்பான்? பீரத் திட்டமாட்டான் சார். தன் நாக்கு போச்சுன்னு நெனச்சுக்குவான்.”

எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. ஸ்டவுட் ஒழுங்காகத் தயாராக ஒரு மாதம் வேண்டும். இருந்தது ஏழு நாள்.

செண்பகம் காபி கொண்டுவந்தாள். எதிர்பாராத விருந்தாளி, ஃபில்டரில் இருந்தது இரண்டாம் டிகாக்‌ஷன். தேவராஜ் ஒரு வாய் குடித்ததும் அவர் முகத்தைப் பார்த்தாள். “தண்ணியா இருக்குல்லா? இப்பதான் புதுசா இறக்கிருக்கேன், கொஞ்சம் விட்டுத் தாரேன்” என்று உள்ளே போய், கெட்டியான முதல் டிகாக்‌ஷனைக் கொண்டுவந்து தம்ளரில் ஊற்றினாள். எனக்கு அப்போது ஞானோதயம் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீரில் தத்தளிக்கிறவன் எதைப் பார்த்தாலும் பிடிக்கத்தான் பார்ப்பான். தொட்டியில் இன்னும் பாதி பீர் இருக்கிறது, குறைந்தது கருப்பு மால்ட்தானே, அதைத் தனியாகக் கொதிக்க வைத்து வடித்துச் சேர்த்தால் என்ன என்று தோன்றியது.

திங்கட்கிழமை விற்பனைப் பிரிவின் மல்ஹோத்ராவிடம் விஷயத்தைச் சொன்னேன். “அரே யார், கௌன் பெஹ்சானேகா?” யாருக்கு அடையாளம் தெரியப்போகிறது என்று சிரித்தார். ஐஸில் போட்டு விறைக்க விறைக்கக் கொடுக்கச் சொல், குளிரில் நாக்கு மரத்துப்போகும், யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள் என்பது அவர் யோசனை. தொழில் தெரிந்தவர், அவர் சொன்னதும் உண்மைதான். நேற்று மத்தியானம்வரை நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

லக்னோவுக்கு டிரங்க் கால் போட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து லைன் கிடைத்தது. பின்னால் பேண்டு வாத்தியம். கத்திக் கத்தி எல்லாவற்றையும் சீஃபிடம் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“லேபிள் மே க்யா லிக்கா ஹை?” என்று மட்டும் கேட்டார்.

“ஸ்டவுட், சார்.”

“தோ ஸ்டவுட் பனாவோ.” வைத்துவிட்டார்.

ஸ்டவுட் என்று எழுதியிருக்கிறாய், அப்படியானால் ஸ்டவுட்டாக்கு. முப்பது வருடத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஆலோசனைகளில் மிகச் சிறியது அதுதான்.

அன்று கருப்பு மால்ட்டை வடித்தோம். செவ்வாய்க்கிழமை தேவராஜ் லீவு போட்டுவிட்டு லேபுக்கு வந்தார். ஐந்து தம்ளரில் தொட்டி பீரை ஊற்றி, மால்ட் டிகாக்‌ஷனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வைத்திருந்தேன். எது எவ்வளவு என்று அவரிடம் சொல்லவில்லை. முதல் இரண்டையும் தள்ளி வைத்தார். ஐந்தாவதைக் குடித்துவிட்டு, “ஹோம குண்டத்துல வாய வெச்ச மாதிரி இருக்கு சார்” என்றார். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே வெகுநேரம் போய்ப் போய் வந்தார். கண்ணை மூடிக்கொண்டு நான்காவதை இன்னொரு வாய் குடித்தார்.

“இது.”

“நல்லா இருக்கா?”

“நல்லா இருக்கறது அப்பறம் சார். இது ஸ்டவுட்.”

எனக்கு மூன்றாவதுதான் பிடித்திருந்தது. அதில்தான் கருப்பட்டி மணம் தூக்கலாக இருந்தது. வாய் வரை வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு, நான்காவது அளவைத் தொட்டிக்குக் கணக்குப் போட்டேன். அந்த வாரம் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், அந்த வாயைத் திறக்காமல் இருந்தது.

தொட்டியில் கலந்து மூன்று நாள் ஆறவிட்டு, வெள்ளிக்கிழமை அடைத்து, சனிக்கிழமை லாரி ஏற்றினோம். மல்ஹோத்ரா முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். முதலில் போன பாட்டில்களைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றேன். தேவராஜ் ஒத்துக்கொள்ளவில்லை. “எதுக்கு சார்? அது என்ன கெட்டா போச்சு? பேருதான் தப்பு” என்றார். பத்து ஜவான்களை உட்காரவைத்து, துணி துவைக்கிற தொட்டியில் பாட்டில்களை ஊறப்போட்டு, லேபிள் அத்தனையையும் உரித்துவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் விசுவநாதன் வீட்டுக்குப் போனேன். ஒரு வாரம் படியில் அவர் தலை தெரிந்தால் நான் ஒளிந்துகொண்டிருந்தேன். இனி முடியாது என்று தோன்றியது. “சார், நான் வேலை பார்க்கிறது மால்ட் கம்பெனி இல்ல” என்று ஆரம்பித்தேன்.

“தெரியுமே” என்றார்.

“எப்போலேர்ந்து?”

“மொத தீபாவளிலேர்ந்து. டப்பா அடியில மார்க்கெட் கடையோட ரப்பர் ஸ்டாம்ப் இருக்குமே, பாத்ததில்லையா நீங்க? குழந்தைகளுக்குப் பிடிச்சிருந்தது. சொன்னா நிறுத்திடுவேளோன்னு பேசாம இருந்துட்டேன்.” அப்புறம், “பீர்னா பீர்னு சொல்லியிருக்கலாமே சார். நான் குடிக்கப் போறதில்லை. உங்க உத்தியோகம் அது” என்றார். அடுத்து வந்த தீபாவளிக்கும் டப்பா வாங்கிப் போனேன், விலைச் சீட்டோடு.

ஞாயிற்றுக்கிழமை விழாவுக்குத் தேவராஜ் என்னையும் அழைத்திருந்தார். புல்வெளியில் ஷாமியானா, பிப்ரவரி வெயில். பென்ஷன்காரர்கள் எல்லாரும் பழைய கோட்டும் மெடலுமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஐஸ் இல்லாமல், வெயிலுக்கு இதமாக, ஆளுக்கு ஒரு பாட்டில் ஸ்டவுட். படைப்பிரிவின் பெயரைச் சொல்லித் தம்ளரை உயர்த்தினார்கள். எனக்கு எதிரே சாத்தான்குளத்துக்காரர் ஒருவர், எண்பதை நெருங்கியவர். தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடினார். நான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட நான் அப்படி நின்றதில்லை.

கண்ணைத் திறந்து பக்கத்திலிருந்தவரிடம், “அப்படியே இருக்குல்லா?” என்றார். அவர் தலையாட்டினார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, இதை மறைக்க என்ன இருக்கிறது.

அதற்கப்புறம்தான் தேவராஜ் லேபிள் உரித்த பாட்டில்களை வெளியே கொண்டுவரச் சொன்னார். “இது ஸ்டவுட் இல்ல. புதுசு. இன்னும் பேரு வெக்கல. இஷ்டம் இருக்கறவங்க குடிச்சிப் பாருங்க” என்று தமிழிலும் இந்தியிலும் சொன்னார். சாத்தான்குளத்துக்காரர் இதையும் வாங்கினார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. நாக்கைச் சப்புக்கொட்டி யோசித்தார். “ஏய், இதுல கருப்பட்டி கெடக்குலா?” என்று சிரிக்க ஆரம்பித்தார். பக்கத்து நாற்காலிகளுக்கெல்லாம் விஷயம் போய், லேபிள் இல்லாத பாட்டில்கள் சாயங்காலத்துக்குள் காலி. லாகர் கேட்ட இளம் ஆபீசர்களும் வந்து வாங்கிக் குடித்தார்கள். அதே பீர்தான். ஸ்டவுட் என்ற பெயரில் அது ஏமாற்று வேலையாக இருந்தது, பெயர் இல்லாதபோது விருந்தாகிவிட்டது.

உங்கள் கரும்பலகையில் பதினெட்டு பெயர் எழுதுகிறீர்கள். எழுதுவதற்கு முன் அந்தப் பெயரை நம்பி யார் கண்ணை மூடிக்கொள்வார்கள் என்று ஒருதரம் யோசியுங்கள். யாரும் மூடமாட்டார்கள் என்றால் பலாப்பழமோ பனங்கிழங்கோ, தாராளமாகப் போடுங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், ஆனால் ஒன்றை விட்டுவிட்டேன்.

கிளம்பும்போது தேவராஜ் ஜீப் வரை வந்தார். கையில் இரண்டு தம்ளர், ஒன்றில் ஸ்டவுட், இன்னொன்றில் பெயரில்லாதது. இரண்டையும் மாற்றி மாற்றி முகர்ந்துகொண்டிருந்தார். ஸ்டவுட் தம்ளரைக் காட்டி மெதுவாகக் கேட்டார்.

“இதுலயும் கருப்பட்டி இருக்கு, இல்ல சார்?”

இருந்தது. அதே தொட்டிதானே. டிகாக்‌ஷன் கசப்பைக் கூட்டியதே தவிர, போட்ட கருப்பட்டியை எடுத்துவிடவில்லை. பொய் சொல்ல மனம் வரவில்லை.

“இருக்கு” என்றேன்.

இன்னொரு வாய் குடித்தார்.

“இருக்கட்டும் சார்” என்றார். “ஸ்டவுட்டா இருக்கு.”